ஐந்தில் நாலு யாருடையது?

பழைய கல்யாண வீடியோவை ‘ஹெச்.டி.’ ஆக்குவது இப்போது வீட்டிலேயே நடக்கிற காரியம். ஒரு சாஃப்ட்வேர், சுமாரான கிராஃபிக்ஸ் கார்டு, ராத்திரி முழுக்க கம்ப்யூட்டரை ஓடவிடுகிற பொறுமை. அவ்வளவுதான். விடிந்தால் பாட்டியின் மூக்குத்தி பளபளக்கும். ‘அட, நம்ம பாட்டியா இது!’ என்று வீடே கூடிவிடும்.

நம்ம பாட்டிதானா?

நான் படித்தது பி.காம். எதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால்தான் தூக்கம் வரும். நம்ம ஊர் டிவிடியில் ஒரு ஃபிரேமுக்கு 720 பெருக்கல் 576. அதாவது 4,14,720 புள்ளிகள். ஃபுல் ஹெச்.டி.யில் 1920 பெருக்கல் 1080. அதாவது 20,73,600. கச்சிதமாக ஐந்து மடங்கு! ஆக, திரையை நிரப்பும் ஐந்து புள்ளிகளில் நாலு, கேமராவின் கண்ணில் படாதவை. கேசட் என்றால் நிலைமை இன்னும் மோசம்.

அந்த நாலும் எங்கிருந்து வந்தன? பழைய சாஃப்ட்வேர்கள் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து சராசரி போட்டன. படம் பெரிசாகும், ஆனால் மங்கலாகவே இருக்கும். இன்றைய ஏ.ஐ. சாஃப்ட்வேர் வேறு யார் யாருடைய படங்களையோ ஏராளமாகப் பார்த்துப் பழகியது. ‘கன்னம்னா இப்படித்தான் இருக்கும்’ என்று ஊகித்து அதுவே வரைந்துவிடுகிறது. பாட்டியின் முகத்தில் தெரிகிற அந்தச் சுருக்கம், பாட்டியைப் பார்த்தே இராத ஒரு யந்திரத்தின் யூகம்.

2020-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பல்ஸ்’ என்ற சாஃப்ட்வேரிடம், கட்டம் கட்டமாகச் சிதைத்த ஒபாமா படம் ஒன்றைக் கொடுத்தார்கள். வெளியே வந்தது ஒரு வெள்ளைக்காரர்! பளிச்சென்ற முகம்தான். ஆள்தான் வேறு. 2024-ல் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கொலை வழக்கில், ஏ.ஐ. மூலம் தெளிவாக்கிய செல்போன் வீடியோவைச் சாட்சியமாக ஏற்க நீதிபதி மறுத்துவிட்டார்.

கணக்குப் பிள்ளைகளிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. வரவும் செலவும் டேலி ஆகவில்லையென்றால், வித்தியாசத்தை ‘சஸ்பென்ஸ் அக்கவுண்ட்’ என்று தனியாக எழுதி வைப்பார்கள். ‘இது எங்கே போச்சுன்னு தெரியலை சார்’ என்று பகிரங்கமாக ஒப்புக்கொள்வது. மங்கலான படமும் அப்படித்தான். தெரியாததைத் தெரியாது என்கிறது. ஏ.ஐ.யோ, இல்லாத பில் ஒன்றைச் செருகி கணக்கை டேலி பண்ணிவிடுகிறது.

‘குடும்பத்தோட பார்த்து சந்தோஷப்படத்தானே சார், இதென்ன கோர்ட்டா?’ என்பீர்கள். நியாயம்தான். லூமியர் சகோதரர்கள் 1896-ல் திரையிட்ட ரயில் படத்தை 2020-ல் ஒருவர் 4கே-வாக மாற்றினார். உலகமே ரசித்தது. யாருக்கும் நஷ்டமில்லை. ஏனென்றால், அசல் பத்திரமாக இருக்கிறது.

நம்ம வீட்டில்? ‘அதான் ஹெச்.டி. ஆயிடுச்சே’ என்று கேசட் குப்பைக்குப் போகிறது. ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லையென்று பழைய ஃபைலும் அழிகிறது. பாட்டியை நேரில் பார்த்த நாம் இருக்கிறவரை, ‘மூக்கு கொஞ்சம் மாறியிருக்கே’ என்று சொல்ல ஆள் உண்டு. நமக்கப்புறம் வருகிற பேரனுக்கு? அவனுக்கு யந்திரம் வரைந்த அந்த முகம்தான் கொள்ளுப்பாட்டி.

எனவே தாராளமாக ஹெச்.டி. ஆக்குங்கள். ஃபைல் பெயரிலேயே ‘ஏ.ஐ. மெருகேற்றியது’ என்று எழுதுங்கள். அசலை அழிக்காதீர்கள். மங்கலாக இருந்தாலும், அன்றைக்கு அந்தப் பந்தலில் கேமரா முன்னால் உட்கார்ந்திருந்தவர் அதில்தான் இருக்கிறார்.