நெஞ்சறிந்த அநீதி

தீமையைத் தீமையென்று அறியாமல் செய்பவன் ஒருவன். தீமையென்று நன்கறிந்தும், அதைத் தன் வாயாலேயே கண்டித்தும், தொடர்ந்து செய்துவருபவன் மற்றொருவன். இவ்விருவருள் எவன் பெருங்குற்றவாளி? அறியாதவனைத் திருத்த அறிவு போதும். அறிந்தவனைத் திருத்த எது போதும்? அறவியலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இவ்வினாவுக்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தொடக்க கால வரலாற்றைப் போல் தெளிவான உரைகல் வேறொன்று கிடைப்பது அரிது.

1776ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4ஆம் நாள் வெளியான விடுதலைப் பிரகடனம், மனிதர் யாவரும் சமமாகவே படைக்கப்பட்டனர் என்று உலகுக்கு முழங்கியது. அதை வரைந்த தாமஸ் ஜெஃபர்சன், தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக உடைமை கொண்டிருந்தவர். விடுதலைப் போரின் தளபதியாகவும், பின்னர் முதற் குடியரசுத் தலைவராகவும் விளங்கிய ஜார்ஜ் வாஷிங்டன், பதினோராம் வயதிலேயே தந்தையின் சொத்தாகப் பத்து அடிமைகளைப் பெற்றவர். 1790இல் எடுக்கப்பட்ட முதல் மக்கள்தொகைக் கணக்கில், ஏறத்தாழ 39 இலட்சம் மக்களுள் 7 இலட்சம் பேர் அடிமைகள். ஆறு பேரில் ஒருவருக்கும் மேல் விலங்கு பூண்டிருந்த நாடு, விடுதலையின் பெயரால் பிறந்தது.

இம்முரண்பாட்டைச் சுட்டி அத்தலைவர்களைப் பழித்துவிட்டுப் போவது எளிது. 'அந்தக் காலம் அப்படி' என்று மன்னித்துவிட்டுப் போவது அதனினும் எளிது. இரண்டும் சிந்தனைக்கு வேலை தாராதவை. அவர்கள் அறியாமையில் வாழ்ந்தார்களா என்பதையே நாம் முதலில் காணவேண்டும்.

அறியாமல் செய்தார்களா?

வர்ஜீனியாவின் புகழ்மிக்க நாவலர் பேட்ரிக் ஹென்றி. விடுதலை தாருங்கள், அன்றேல் மரணம் தாருங்கள் என்று 1775இல் அவர் முழங்கியதாக வழங்கும் உரையை அறியாத அமெரிக்க மாணவர் இல்லை. அதற்கு ஈராண்டு முன்னர், 1773 ஜனவரியில், அடிமை வாணிபத்தைக் கண்டிக்கும் நூலொன்றை அனுப்பிய குவேக்கர் சமயத்தார் ஒருவருக்கு அவர் மறுமொழி எழுதினார். அடிமை முறை மனிதத் தன்மைக்கும் சமயத்துக்கும் ஒவ்வாதது என்று அதில் ஒப்புக்கொள்கிறார். தாமே விலை கொடுத்து வாங்கிய அடிமைகளுக்கு எசமானராக இருப்பதை எவரேனும் நம்புவார்களா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்கிறார். பின்னர், அவர்கள் இல்லாமல் இங்கு வாழ்வது வசதிக் குறைவு, அதனாலேயே வைத்திருக்கிறேன்; இதை நான் நியாயப்படுத்த மாட்டேன், நியாயப்படுத்தவும் இயலாது என்கிறார். நேர்மையான ஒப்புதல்தான். ஆயினும் 1799இல் அவர் கண்மூடியபோது, அடிமைகளின் உடைமையாளராகவே கண்மூடினார்.

ஜெஃபர்சனும் அறியாதவர் அல்லர். பிரகடனத்தின் முதல் வரைவில், அடிமை வாணிபத்தை மானிட இயல்புக்கு எதிரான கொடுமையென்று சாடும் பகுதி ஒன்றை அவர் எழுதியிருந்தார். பழியை முழுவதும் ஆங்கில மன்னர் தலையில் சுமத்தியே எழுதினார். தென் கரோலினா, ஜார்ஜியா ஆகிய நாடுகளின் எதிர்ப்பாலும், அவ்வாணிபத்தில் ஆதாயம் கண்ட வடபுலத்தார் சிலரின் சங்கடத்தாலும் அப்பகுதி நீக்கப்பட்டது. மேற்குப் புலங்களில் 1800க்குப் பின் அடிமை முறை கூடாதென்று 1784இல் அவர் முன்மொழிந்த விதி, ஒரேயொரு வாக்கில் தோற்றது. இறைவன் நீதியாளன் என்பதை நினைக்கும்போது என் நாட்டுக்காக நடுங்குகிறேன் என்னும் பொருள்பட, வர்ஜீனியா பற்றிய தம் நூலில் எழுதினார். வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொணர்வதைத் தடுக்கும் சட்டத்தில் 1807இல் குடியரசுத் தலைவராகக் கையொப்பமிட்டவரும் அவரே.

அதே நூலில்தான் கறுப்பின மக்கள் அறிவாற்றலில் தாழ்ந்தவராக இருக்கக்கூடும் என்ற ஐயத்தையும் அவர் எழுதிவைத்தார். அடிமைத் தளையில் பிறவாத கறுப்பினக் கணித அறிஞர் பெஞ்சமின் பேனக்கர், தாம் கணித்த பஞ்சாங்கத்தின் கையெழுத்துப் படியை 1791இல் ஜெஃபர்சனுக்கு அனுப்பி, பிரகடனத்தில் அவர் எழுதிய சொற்களையே அவருக்கு நினைவூட்டினார். ஜெஃபர்சனிடமிருந்து பணிவான மறுமொழி வந்தது. மாண்டிசெல்லோப் பண்ணையில் எதுவும் மாறவில்லை.

ஆக, அறிவு குறையவில்லை. குறைந்தது வேறொன்று.

சாக்குகளின் வரிசை

1814இல் எட்வர்ட் கோல்ஸ் என்னும் 27 வயது இளைஞர் ஜெஃபர்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். குடியரசுத் தலைவர் மேடிசனின் செயலாளராகப் பணியாற்றியவர் அவர். தந்தைவழியில் தமக்கு வந்த அடிமைகளை விடுவிக்க உறுதிபூண்டிருந்தவர். உங்கள் புகழை இப்பணிக்குத் தாருங்கள், வர்ஜீனியாவில் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கத் தலைமை ஏற்றிடுங்கள் என்று அவர் வேண்டினார். தம் கொள்கை மாறவில்லை என்று விடையிறுத்த ஜெஃபர்சன், இது இளைஞர்களின் பணி, முதியவனாகிய என்னால் இயல்வது பிரார்த்தனை மட்டுமே என்றார். கோல்ஸையும் அடிமைகளை விடுவித்து ஊரைவிட்டுப் போகவேண்டாம் என்று தடுத்தார். கோல்ஸ் சளைக்காமல் மறுமொழி எழுதி, பெஞ்சமின் பிராங்ளின் இதனினும் முதிர்ந்த வயதில் இப்பணியில் ஈடுபட்டதை நினைவுறுத்தினார். அக்கடிதப் போக்குவரத்து அத்துடன் முடிந்தது.

முதுமை ஒரு சாக்கு. கடன் மற்றொன்று. கடனில் மூழ்கியிருந்த ஜெஃபர்சனுக்கு அடிமைகளே பெருஞ்சொத்து. அவர்களை விடுவித்தால் கடன்காரர்களுக்கு யார் பதில் சொல்வது? ஆனால் அச்சாக்கும் ஒருமுறை சோதனைக்கு உள்ளாயிற்று. அமெரிக்க விடுதலைப் போரில் பங்கேற்ற போலந்து வீரர் கொஷியூஷ்கோ, அமெரிக்காவில் தமக்கிருந்த பணத்தைக் கொண்டு அடிமைகளை விலைக்கு வாங்கி விடுவித்துக் கல்வியும் அளிக்கவேண்டுமென 1798இல் மரணசாசனம் எழுதி, நண்பர் ஜெஃபர்சனை அதன் நிறைவேற்றுநராக நியமித்தார். ஜெஃபர்சனின் சொந்த அடிமைகளையே அப்பணத்தால் விடுவிக்கவும் அச்சாசனம் இடமளித்தது. 1817இல் கொஷியூஷ்கோ இறந்தார். ஜெஃபர்சனோ முதுமையைக் காரணங்காட்டி 1819இல் அப்பொறுப்பைத் துறந்தார். சாசனத்தில் சட்டச் சிக்கல்கள் இருந்தன என்பது மெய்யே. அவற்றோடு போராட அவர் துணியவில்லை என்பதும் மெய்யே.

1826 ஜூலை 4ஆம் நாள், பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவன்று, அவர் மறைந்தார். அவருடைய சாசனம் ஐவரை விடுவித்தது. அவருள் ஒருவர் கொல்லர் ஜோசப் ஃபாசெட். அடுத்த ஜனவரியில் ஏறத்தாழ 130 பேர் மாண்டிசெல்லோவில் ஏலத்துக்கு வந்தனர். ஃபாசெட்டின் மனைவியும் மக்களும் அவ்வேலத்தில் வெவ்வேறு கைகளுக்கு விற்கப்பட்டனர். விடுதலை வாக்களிக்கப்பட்ட கணவன், தன் குடும்பம் பிரிந்து செல்வதைக் காணவேண்டியவனானான். பின்னர் உழைத்துச் சேர்த்த பொருளால் அவர்களுள் சிலரை மீட்டெடுத்தான். முதுமை, கடன், சட்டம், காலம் என அடுக்கிய சாக்குகளுக்கெல்லாம் விலை கொடுத்தவர்கள் யார் என்பதை அந்த ஏல நாள் காட்டியது.

வாஷிங்டனின் வரலாறு சற்று வேறானது. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தர வழிசெய்யும் 1793ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையொப்பமிட்டவர் அவர். ஆறு மாதம் தங்கிய அடிமை விடுதலை கோரலாம் என்ற பென்சில்வேனியச் சட்டத்துக்குத் தப்ப, தம் வீட்டு அடிமைகளை அவ்வப்போது எல்லை கடத்தி மீட்டழைத்தவரும் அவரே. 1796இல் அவர் இல்லத்திலிருந்து தப்பி நியூ ஹாம்ப்ஷயருக்குச் சென்ற ஓனா ஜட்ஜ் என்ற பெண்ணை மீட்க ஆள்விட்டுத் தேடினார். எனினும் 1799இல், இறப்பதற்குச் சில மாதங்கள் முன் எழுதிய சாசனத்தில், தமக்கு உரிய 123 பேரையும் தம் மனைவியின் மறைவுக்குப் பின் விடுவிக்குமாறும், முதியோருக்கு ஆதரவும் ஆதரவற்ற சிறுவர்க்கு எழுத்தறிவும் தொழிலும் அளிக்குமாறும் பணித்தார். மனைவிவழி வந்த குடும்பச் சொத்தான 153 பேர் அவர் அதிகாரத்துக்குள் வரவில்லை. அவர்கள் விடுதலை பெறவில்லை. தாம் வாழும்வரை அடிமைகளின் உழைப்பைத் துய்த்துவிட்டு, சாவின் வாயிலில் அறத்தை நினைத்தார் என்று கூறலாம். அந்த அளவுகூடச் செய்யாத பலரிடையே அவர் செய்தார் என்றும் கூறலாம். இரண்டு கூற்றும் உண்மையே.

அதே காலம், அதே மண்

'காலத்தின் குற்றம்' என்பாருக்கு அக்காலமே விடையளிக்கிறது. வர்ஜீனியாவின் மாபெரும் செல்வர்களுள் ஒருவரான ராபர்ட் கார்ட்டர், 1791 ஆகஸ்ட் முதல் நாள் எழுதிப் பதிவு செய்த ஒரு பத்திரத்தின்மூலம், ஏறத்தாழ 500 அடிமைகளைப் படிப்படியாக விடுவிக்கத் தொடங்கினார். அண்டை நிலக்கிழார்கள் வெகுண்டனர். அவர் ஊரைவிட்டே குடிபெயர்ந்தார். இன்று அவர் பெயரை அறிந்தோர் சிலரே. நாடுகளை நிறுவியோருக்குச் சிலை உண்டு; தம் சொத்தைத் தாமே துறந்தோருக்குச் சிலை இல்லை. கோல்ஸும் சொன்னதைச் செய்தார். 1819இல் இல்லினாய் நோக்கிச் செல்லும் வழியில், ஒஹையோ ஆற்றின்மேல் படகில் வைத்துத் தம் அடிமைகளுக்கு விடுதலையை அறிவித்தார். குடும்பத் தலைவர்களுக்கு 160 ஏக்கர் நிலமும் அளித்தார். பின்னர் அம்மாநில ஆளுநராகி, அங்கு அடிமை முறையைப் புகுத்த நடந்த முயற்சியை 1824இல் தோற்கடிப்பதில் முன்னின்றார்.

விலங்கு பூண்டவர்களின் குரலும் அக்காலத்தின் குரலே. மாசச்சூசெட்ஸில் ஜான் ஆஷ்லி என்பாரின் வீட்டில், மனிதர் யாவரும் சமமும் சுதந்திரமும் உடையவர் என்னும் தீர்மானங்கள் 1773இல் வரையப்பட்டன. அவ்வீட்டின் அடிமைப் பெண் எலிசபெத். மாநில அரசியல் சட்டமும் அவ்வாறே கூறுகிறதென்று அறிந்த அவர், அப்படியாயின் நான் ஏன் அடிமை என்று வழக்குத் தொடர்ந்து 1781இல் விடுதலை பெற்றார். ஃப்ரீமன், அதாவது சுதந்திர மனிதர், என்பதைத் தம் குடும்பப் பெயராகச் சூடிக்கொண்டார். எழுதியவர்கள் அலங்காரமாக எண்ணிய சொல்லை, எழுதப் படிக்க அறியாத அப்பெண் மெய்யென்று எடுத்துக்கொண்டார்.

பிராங்ளினின் முகமூடி

கோல்ஸ் நினைவூட்டிய பிராங்ளினும் ஒருகாலத்தில் அடிமைகளை வைத்திருந்தவர். தப்பியோடிய அடிமைகளைப் பற்றிய விளம்பரங்களைத் தம் செய்தித்தாளில் அச்சிட்டுப் பொருளீட்டியவர். ஆனால் முதுமையில் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராகி, 1790 பிப்ரவரியில், 84ஆம் வயதில், அடிமை முறைக்கு எதிரான விண்ணப்பத்தில் கையொப்பமிட்டுக் காங்கிரசுக்கு அனுப்பினார். ஜார்ஜியா உறுப்பினர் ஜேம்ஸ் ஜாக்சன் அவ்விண்ணப்பத்தை எதிர்த்து முழங்கினார். பிராங்ளின் ஓர் அங்கதம் எழுதினார். அல்ஜியர்ஸ் அரசவையில் சீதி முகம்மது இப்ராஹீம் என்பவர் பேசியதாகப் புனைந்த உரை அது. கிறிஸ்தவ அடிமைகளை விட்டுவிட்டால் நம் நிலங்களை யார் உழுவது? உடைமையாளர்க்கு யார் ஈடு தருவது? விடுதலை பெற்றவர் எங்கே போவர்? நம்மிடம் இருப்பதே அவர்களுக்கு நன்மையல்லவா? ஜாக்சனின் வாதங்கள் அத்தனையும் அந்த வாயில் ஒலித்தன. இதை எழுதிய மூன்று நான்கு வாரங்களில் பிராங்ளின் மறைந்தார்.

முகமூடிக்கு ஒரு முஸ்லிமின் முகத்தை அவர் எடுத்தாண்டது நமக்கு உறுத்தலாம். உறுத்தட்டும், ஆனால் அந்த உறுத்தலை நேர்மையாக ஆராயவேண்டும். அல்ஜியர்ஸ் துறைமுகத்தில் அடிமைச் சந்தை இருந்ததும், 1785இல் இரு அமெரிக்கக் கப்பல்களின் மாலுமிகள் 21 பேர் அங்கே சிறைப்பட்டதும் கற்பனையல்ல. அடிமையின் கழுத்தை விடுவிப்பதைப் பெரும் புண்ணியமாகவும், பாவத்துக்குப் பரிகாரமாகவும், ஜக்காத்தின் செலவினங்களுள் ஒன்றாகவும் வகுத்த மார்க்கத்தைப் பின்பற்றிய நாடுகளிலும் அச்சந்தைகள் நூற்றாண்டுகள் நீடித்தன. துனீசியாவில் அகமது பே 1846இல், அமெரிக்காவுக்கு 19 ஆண்டுகள் முன்பே, அடிமை முறையை ஒழித்தார் என்று நாம் மகிழலாம். சவூதி அரேபியா 1962இலும், மவுரித்தேனியா 1981இலும்தான் சட்டத்தால் ஒழித்தன என்பதை மறைத்தல் ஆகாது. உயர்ந்த சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு தாழ்ந்த வழக்கத்தில் வாழ்வது எந்த ஒரு சமூகத்தின் தனிச்சொத்தும் அன்று.

முடிவாக

அமெரிக்கத் தலைவர்கள் அநீதியைத் தள்ளிப்போட்டார்கள். அது தானாகத் தேய்ந்து மறையுமென்று தம்மைத் தேற்றிக்கொண்டார்கள். அரசியல் சட்டத்தில் 'அடிமை' என்ற சொல்லைக்கூட எழுதக் கூசினார்கள். அச்சொல் இல்லாமலேயே, ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிடும் விதியையும், தப்பியோடியவரைத் திருப்பியளிக்கும் விதியையும் எழுதினார்கள். தள்ளிப்போட்ட தீமை தேயவில்லை. பருத்தி விளைச்சல் பெருகப் பெருக அதுவும் பெருகி, 7 இலட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் ஏறத்தாழ 40 இலட்சமாயினர். 1865இல் அது ஒழிந்தபோது, உள்நாட்டுப் போரில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். தாத்தாக்கள் பணத்தால் தீர்க்க மறுத்த கடனைப் பேரர்கள் இரத்தத்தால் தீர்த்தனர்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். அறிந்தவனின் குற்றமே பெரிது. ஏனெனில் அவனிடம் திருந்துவதற்கான வழி இருந்தது. ஆனால் அவன் உரைத்த அறிவு வீண்போவதில்லை. அவன் கைவிட்ட சொல்லை எலிசபெத்தைப் போன்ற ஒருவர் எடுத்துக்கொள்கிறார். கோல்ஸைப் போன்ற ஒருவர் அதைக் கொண்டு அவனையே வினவுகிறார். ஆகவே ஜெஃபர்சனின் வாசகத்தைக் கிழித்தெறிய வேண்டியதில்லை. அதை அவரைவிட உண்மையாக நம்பவேண்டும்.

பேட்ரிக் ஹென்றி சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: வசதிக் குறைவு. எல்லாச் சாக்குகளையும் உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது அதுதான். நாம் தவறென்று அறிந்து, பேசியும் கண்டித்தும், இன்னும் கைவிடாமல் வைத்திருப்பவை எவை? அவற்றைக் கைவிடாததற்கு நாம் கூறும் காரணங்களையும் அவ்வாறே உரித்துப் பார்ப்பது நலம்.