ஒரு கோடா, இரண்டு கோடா?

சென்னை சிட்லபாக்கத்தில் வீட்டு வாசலிலேயே ட்ரிஃப்ட் கார் (வளைவில் வாலை வழுக்கவிட்டு ஓட்டும் கார்) கட்ட நினைப்பவருக்கு முதல் தடை கையிலிருக்கும் வண்டிதான். மாருதி 800-ஐ முன்சக்கரங்கள் இழுக்கின்றன. வால் வழுக்க வேண்டுமென்றால் பின்சக்கரங்கள் தள்ள வேண்டும். அதனால் பழைய அம்பாசடர், கான்டெஸா, ஏன், ஆம்னி வேனுக்குக்கூட (சிரிக்க வேண்டாம், அதுவும் பின்சக்கர வண்டி) மவுசு.

ஆக்சிலேட்டரை மிதித்தும் வழுக்கவில்லையா? பலர் உடனே இன்ஜினைப் பிரித்துவிடுவார்கள். முதலில் தரையைப் பார்க்கலாம். ஒரே ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தால் விஷயம் டிஃபரென்ஷியலில் (இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதியில்). பிடிப்புக் குறைந்த சக்கரம் வீணாகச் சுழல, மற்றது சும்மா கிடக்கும். இரண்டையும் சேர்த்துப் பூட்டினால்தான் இரண்டு கோடு. அதன் பிறகே ஹேண்ட்பிரேக், டயர் காற்று எல்லாம், அதையும் ஒவ்வொன்றாக. ஒரே மாலையில் மூன்றையும் மாற்றியவருக்கு எது பலித்தது என்றே தெரியாது.

முதல் தடையாக நின்ற மாருதி 800-உம் வீணில்லை: கோயம்புத்தூர் பந்தய வீரர் கரிவர்தன் 1980களில் அதன் இன்ஜினைப் பின்னால் வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரைக் கட்டினார். 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிப்பாளையம் பந்தயத் தடம் அவர் பெயரில் இருக்கிறது.

நம் பக்கத்துக்கு இருங்காட்டுக்கோட்டைத் தடம் இருக்கிறது. சோதனை அங்கேதான், சிட்லபாக்கம் மெயின் ரோட்டில் அல்ல. போவதும் வேறொரு வண்டியில் ஏற்றித்தான்: பதிவுச் சான்றுக்கு மாறாகத் திருத்திய காரைச் சாலையில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இடம் தராது.