கேட்டு வாங்கிய அதிகாரம்

"ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் எதற்குப் பயப்பட வேண்டும்?" ஆசிரியர் ஓய்வறையில், தேநீர்க்கடையில், ஏன், பள்ளிவாசல் முற்றத்திலும் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. கேட்பவர்கள் நல்லவர்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

2018 மார்ச் மாதத்தை நினைத்துப் பார்ப்போம். திகனயிலும் தெல்தெனியவிலும் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது கண்டி முஸ்லிம்கள் எதிர்பார்த்து நின்றது அரசின் பலத்தைத்தான். இராணுவம் வராதா, ஊரடங்கு இறுகாதா என்று ஏங்கினோம். 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. 2011இல் நீங்கிய பிறகு அதுவே முதல் தடவை. மறுநாள் அக்குறணையும் தாக்கப்பட்டது. ஃபேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம் முடக்கப்பட்டன. அதை எங்கள் ஊரில் எவரும் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது. கூரையில் நெருப்பு நிற்கும்போது தண்ணீர் கொண்டு வருபவனிடம் கணக்குக் கேட்பவர் உண்டா?

ஓராண்டு சென்றது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறுக் கொடூரத்துக்குப் பின் அதே அவசரகால நிலை திரும்பி வந்தது. இம்முறை சோதனை எங்கள் வீடுகளில். மே மாதம் ஹசலகவில் ஒரு பெண்ணைப் பொலிஸார் கைது செய்தனர். அவர் உடுத்திருந்த ஆடையில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிடப்பட்டிருந்தது. அதைத் தர்மச்சக்கரம் என்று எடுத்துக்கொண்டார்கள். கைதுக்குப் பயன்பட்டது, குடியியல், அரசியல் உரிமைகளைக் காக்கவென்று 2007இல் இயற்றிய சட்டம்! சில வாரங்கள் அவர் மறியலில் கிடந்தார். அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் சொல்ல 2023 வரை சென்றது. அந்தப் பெண் எதை ஒளித்தார்? தெருவில் எல்லோரும் பார்க்க உடுத்திச் சென்றதைத்தானே.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்து வீடுகளில் கிதாபுகள் அடுப்புக்குப் போயின. தோட்டத்தில் புதைத்தவர்களும் உண்டு. தகப்பனார் ஓதிய அரபுத்தமிழ் ஏடொன்றை எரித்துவிட்டு வந்த ஒரு முதியவர் என்னிடம் சொன்னார்: "அதுல என்ன ஈக்குன்னு அவங்களுக்கு எப்படி வெளங்கப்படுத்துற சேர்?" கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. என்னிடம் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதற்கு என்ன அர்த்தம் என்று தீர்மானிப்பது தேடி வருபவன்.

கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாஃப் ஜஸீமுக்கு நடந்ததும் இதுவே. 2017இல் வெளியிட்ட 'நவரசம்' தொகுதிக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். தீவிரவாதத்தைக் கண்டித்த கவிதைகள் அதைப் பரப்புவதாக வாசிக்கப்பட்டன. பிணை கிடைக்கப் பத்தொன்பது மாதங்கள். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்தச் சட்டம் 1979இல் தற்காலிகம் என்ற பெயரோடு வந்தது. மூன்று வருடத்துக்கென்று வந்தது 1982இல் நிரந்தரமாயிற்று. வடக்கின் தமிழ் வீடுகளில் அது செய்ததை எழுத இந்தப் பக்கங்கள் போதா.

உமர் (ரலி) பற்றி மௌலவிமார் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. இரவில் ஒரு வீட்டுச் சுவரேறிக் குதித்து, மது அருந்தியவனைக் கையும் களவுமாகப் பிடிக்கிறார். அவனோ, நான் செய்தது ஒரு பாவம், நீங்கள் செய்தது மூன்று என்கிறான்: துருவினீர்கள், வாசல் வழியாக வரவில்லை, ஸலாம் சொல்லவில்லை. கலீபா திரும்பிப் போகிறார். இங்கே குற்றவாளியிடம் ஒளிக்க நிறையவே இருந்தது. அப்படியிருந்தும் வாசல் வாசல்தான்.

அரசுக்கு அதிகாரமே வேண்டாம் என்று திகனயைப் பார்த்த எவனும் சொல்லமாட்டான். ஏப்ரல் 21இல் தேவாலயங்களில் இறந்தவர்களின் உறவினர் முன்னால் அப்படிச் சொல்ல எனக்கு நாவும் எழாது. நான் தேடுவது வாசலை. 2007இன் கணினிக் குற்றச் சட்டத்தில் அது இருக்கிறது: ஒருவருடைய தொடர்பாடல் விவரங்களைப் பெற நீதவானின் ஆணை வேண்டும். ஆனால் அவசரம் என்றால் அதுவும் வேண்டாமாம். அவசரமில்லை என்று எந்த அதிகாரி சொல்லப்போகிறார்?

ஆகவே புதிய சட்டமூலம் எது வந்தாலும் நான் முதலில் புரட்டுவது, கையெழுத்திடுபவர் யார் என்ற பிரிவைத்தான். 1979இன் சட்டத்தில் தடுப்புக்காவல் உத்தரவுக்கு அமைச்சர் கையெழுத்திட வேண்டும். 2023 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த பயங்கரவாத எதிர்ப்புச் சட்டமூலத்தில் அந்தப் பேனா பிரதிப் பொலிஸ் மா அதிபரின் கைக்கு இறங்கியிருந்தது.