மண் தந்ததும் மனிதன் தந்ததும்

கதை எழுதுகிறவனை விடாமல் துரத்துகிற கேள்வி ஒன்று உண்டு. மனிதனை ஆக்குவது அவன் பிறந்த சூழ்நிலையா, அந்தச் சூழ்நிலையில் நின்று அவன் செய்யும் முடிவா? என் பாத்திரங்களைக் கேட்டுப் பயனில்லை. அவர்கள் நான் சொன்னபடி நடக்கிறவர்கள். ஆகவே சரித்திரத்தைக் கேட்கிறேன். பண்டைக் கிரேக்கர்களைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

கிரேக்க நாட்டின் பெரும்பகுதி மலை. இடையிடையே சிறு சமவெளிகள். எகிப்தை நைல் நதி இணைத்ததுபோல அந்த நாட்டை இணைக்க ஒரு பேராறு இல்லை. ஆகவே பள்ளத்தாக்குக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கான நகர அரசுகள் தோன்றின. மலை பிரித்தவர்களைக் கடல் சேர்த்தது. ஏதென்ஸைச் சுற்றிய மண்ணில் ஒலிவம் விளையும், தானியம் போதாது. எண்ணெயைக் கப்பலேற்றிக் கோதுமை கொண்டுவந்தார்கள். கடல்வழியே பழகிய பினீஷியரிடமிருந்து கிரேக்கர்கள் எழுத்தையும் பெற்றார்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, "குடியாட்சி மலை பெற்ற பிள்ளை" என்று முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஸ்பார்ட்டாவுக்கும் அதே மலைகள்தாம், அதே மொழி, அதே தெய்வங்கள். ஆனால் அவர்கள் பக்கத்து மெசீனியாவைப் பிடித்து, அங்குள்ளவர்களை ஹெலட் என்னும் அடிமைகளாக்கி உழவைத்தார்கள். பிறகு அந்த அடிமைகளுக்கே அஞ்சி ஊரையே படைவீடாக்கிக்கொண்டார்கள். ஏழு வயதுப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துப் பாசறைக்கு அனுப்பினார்கள். ஆண்டுதோறும் பதவியேற்கும் அதிகாரிகள் ஹெலட்டுகள்மீது முறைப்படி போர் அறிவிப்பார்கள் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். கொன்றால் பாவமில்லை என்பதற்காக!

ஏதென்ஸும் அந்தப் பாதையில் போயிருக்கக்கூடும். கடன்பட்ட ஏழை உழவன் அங்கே அடிமையாக விற்கப்பட்டுக்கொண்டிருந்தான். கி.மு. 594-இல் அதிகாரம் பெற்ற சோலன் அந்தக் கடன்களை ரத்து செய்தான். மனித உடலை அடகு வைத்துக் கடன் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இயற்றினான். இதை எந்த மலை சொல்லிக்கொடுத்தது?

கி.மு. 483-ஆம் ஆண்டளவில் இன்னொரு சோதனை வந்தது. லாரியம் சுரங்கத்தில் வெள்ளி மிகுதியாகக் கிடைத்தது. ஆளுக்குப் பத்து திரக்மா பங்கிட்டுக்கொள்ளலாம் என்றார்கள். தெமிஸ்டக்ளீஸ் எழுந்து, "வேண்டாம், கப்பல் கட்டுவோம்" என்று வாதாடினான். கைக்கு வரவிருந்த காசை மக்கள் விட்டுக்கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகளில், கி.மு. 480-இல், சலாமிஸ் ஜலசந்தியில் அந்தக் கப்பல்கள் பாரசீகப் படையை முறியடித்தன. கப்பலுக்கு 170 துடுப்புகள். துடுப்புப் பிடித்தவர்களில் பலர் காணி நிலமில்லாத ஏழைகள். நகரைக் காத்த அவர்களைச் சபையில் வாய்திறக்காதே என்று சொல்ல இனி யாருக்குத் துணிவு வரும்? ஏதென்ஸின் குடியாட்சி வலுப்பட்டது இப்படித்தான்.

நாவலாசிரியனாக இருந்தால் இங்கே கதையை முடித்துவிடுவேன். ஆனால் அந்த வெள்ளியை வெட்டியவர் யார்? அடிமைகள். நிமிர்ந்து நிற்க முடியாத சுரங்க வழிகளில், எண்ணெய் விளக்கின் புகையில், படுத்தும் தவழ்ந்தும் அவர்கள் பாறையைக் குடைந்தார்கள். ஆறாயிரம் பேர் கூடி முடிவெடுத்த பினிக்ஸ் குன்றில் அவர்களுக்கு இடமில்லை, பெண்களுக்கும் இல்லை. சொந்த உழவனை அடிமைத்தளையிலிருந்து விடுவித்த நகரம், அயலானை விலைக்கு வாங்கிக்கொண்டது.

பெருமையை மண்ணுக்குக் கொடுத்தால் இந்தச் சிறுமையையும் மண்ணின்மீதே போட்டுவிடலாம். புகழவும் ஆளில்லை, பழிக்கவும் ஆளில்லை. எவ்வளவு வசதி! அந்த வசதி எனக்கு வேண்டாம். மலையும் கடலும் அந்த மக்களுக்குச் சில வழிகளைத் திறந்தன, சிலவற்றை அடைத்தன. திறந்த வழிகளில் எதில் போவது என்பதைத் தீர்மானித்தவர்கள் மனிதர்கள். பத்து திரக்மாவை வேண்டாமென்று சொன்ன அதே கைகள்தாம் அடிமைச் சந்தையில் விலைபேசின.

சலாமிஸ் வெற்றியை நினைத்து மகிழும்போதெல்லாம், அந்தச் சுரங்கத்தில் தவழ்ந்தவனையும் நினைத்துக்கொள்கிறேன். அவனுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியது மலையல்ல.