விலையும் பெறுமானமும்: யப்பானிய இராணுவ வாள்களை முன்வைத்து

மனிதன் ஆக்கிய பொருள்களுள் படைக்கலத்தைப் போல முரண்பட்ட வாழ்வுடையது பிறிதொன்றில்லை எனலாம். உயிரைக் கொல்லுதற்கென்றே ஆக்கப்பட்ட அது, போர் ஓய்ந்தபின் கண்ணாடிப் பேழைக்குள் அழகுப் பொருளாகின்றது. ஏல மண்டபத்திலே விலைப்பொருளாகின்றது. கொலைக்கருவி கலைப்பொருளாக மாறும்போது அதன்மேற் படிந்த குற்றமும் துடைக்கப்பட்டுவிடுகின்றதா? சந்தை அதற்கு இடும் விலை எதனை அளக்கின்றது, எதனை அளவாது விடுகின்றது? இரண்டாம் உலகப் போரில் யப்பானியப் படையினர் தாங்கிய வாள்களின் வரலாறு இவ்வினாக்களுக்கு ஏற்றதோர் உரைகல்லாக அமைகின்றது.

சாமுராய் வகுப்பினரின் தனியுரிமையாயிருந்த வாள் தரித்தலை மெய்ஜி அரசு 1876 ஆம் ஆண்டிலே தடை செய்தது. படையினர், காவற்றுறையினர் முதலியோர்க்கு மட்டுமே விலக்களிக்கப்பட்டது. தொடக்கத்தில் ஐரோப்பியப் பாணியிலமைந்த கைப்பிடியை ஏற்றிருந்த இராணுவ வாள், தேசியவெறி மேலோங்கிய 1930களிற் பழைய வடிவத்துக்கு மீண்டது. 1934 இல் ‘ஷின்குன்தோ’ எனப்படும் புதிய இராணுவ வாள் அறிமுகமாயிற்று. அடுத்த ஆண்டிலே சார்ஜன்ற் முதலிய கீழ்நிலை அலுவலர்க்கென, அலகில் தொடரிலக்கம் பொறிக்கப்பட்ட வாள்கள் தொழிற்சாலைகளில் உருவாகலாயின. மறுபுறத்தில், ரோக்கியோவின் யசுகுனி ஆலய வளாகத்திலே 1933 முதல் 1945 வரை இயங்கிய பட்டறையில் ஏறத்தாழ 8,000 வாள்கள் மரபுமுறையில் அடிக்கப்பட்டன. வேறு சில அதிகாரிகளோ பல நூற்றாண்டுப் பழைமையுடைய தம் குலவாள்களை இராணுவ உறைகளிற் செருகிக்கொண்டு போர்முனைக்குச் சென்றனர். ஆகவே, ஒரே தோற்றமுடைய உறைகளுள் இயந்திர இரும்பும் இருந்தது. ஈடற்ற கலைப்படைப்பும் இருந்தது.

1945 இல் யப்பான் சரணடைந்தபோது இவை யாவும் ஒரே தட்டில் நிறுக்கப்பட்டன. தென்கிழக்காசியாவில் நேசநாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாயிருந்தவர் மவுண்ட்பேற்றன் பிரபு. 1944 இல் அவரது தலைமையகம் பேராதனைத் தாவரவியற் பூங்காவிலேயே அமைந்திருந்தது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. யப்பானிய அதிகாரிகள் தம் வாள்களை முறைப்படி கையளித்தல் வேண்டுமென அவர் வற்புறுத்தினார். தோல்வி ஐயத்துக்கிடமின்றி உணரப்படல் வேண்டுமென்பதே அவர் கருத்து. பீல்ட் மார்ஷல் தெரவுச்சி 1945 நவம்பர் 30 ஆம் நாள் சைகோனிலே தம் வாள்களை அவரிடம் ஒப்படைத்தார். அவற்றுள் ஒன்று பிரித்தானிய மன்னருக்கு வழங்கப்பட்டது.

யப்பானுக்குள்ளேயும் வாள்கள் பறிமுதலாயின. எண்ணற்றவை உருக்கப்பட்டன, எண்ணற்றவை போர்வீரர்களின் பயணப் பைகளில் நினைவுப் பொருள்களாக அமெரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சென்றன. தொகுகவா குடும்பத்தினர் 1945 டிசம்பரிலே பொலிஸ் நிலையமொன்றிற் கையளித்த ‘ஹொன்ஜோ மசமுனே’ என்னும் புகழ்பெற்ற வாள் அதன்பின் மீளவேயில்லை. தேசிய அருஞ்செல்வமெனப் பிரகடனப்படுத்தப்பட்டிருந்த அப்பொருள், பெற்றுச் சென்றவனுக்கு வெறும் இரும்பாகவே தோன்றியிருத்தல் கூடும். பெறுமானத்தை அறியும் கண் இல்லாதவிடத்து விலையும் இல்லை என்பதற்கு இஃதொரு சான்று.

யப்பான் பொருளாதார வளம் பெற்றபோது நிலைமை மாறிற்று. யப்பானிய வணிகர் அமெரிக்கா சென்று பழைய அலகுகளைத் தேடி வாங்கி மீட்டனர். அந்நாளில் இராணுவ உறையும் கைப்பிடியும் குப்பையாகக் கருதிக் கழிக்கப்பட்டன. அலகு மட்டுமே மெருகிடப்பட்டு வெண்மர உறையில் இடப்பட்டது. இன்றோ இராணுவ வாள்களைச் சேகரிப்போர், அன்று வீசப்பட்ட அதே உறையையும், தோற்போர்வையையும், சரணடைந்தவரின் பெயரெழுதிய மரத்துண்டையுமே பெரிதும் நாடுகின்றனர். இவற்றின் விலை ஏறியதும் போலிகளும் சந்தைக்கு வந்தன. கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடித்தண்டின் துருவை எவரும் துடைத்தலாகாது என்பது சேகரிப்போரின் முதல் விதி. வாளின் வயதையும் உண்மையையும் உரைப்பது அத்துருவே. துடைத்தால் வாள் பளிச்சிடும்; சான்று அழியும்.

இவ்விதி வாளுக்கு மட்டுமன்றி அதன் வரலாற்றுக்கும் பொருந்துதல் வேண்டும். ஆயின் நடைமுறையிற் பொருந்துகின்றதா என்பதே வினா.

கலையழகு குற்றத்தைக் கழுவிவிடும் என்பது ஒரு சாராரின் நிலைப்பாடு. யப்பானியச் சட்டமே இதற்கு ஓரளவு துணைநிற்கின்றது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஹொன்மா ஜுன்ஜி முதலிய அறிஞர்களின் முயற்சியால் கலைப் பெறுமானமுடைய வாள்கள் அழிவினின்றும் விலக்களிக்கப்பட்டன. இன்றும் அங்கு மரபுமுறையில் உருவான வாள் கலைப்பொருளாகப் பதிவு பெறும். தொழிற்சாலையில் உருவான இராணுவ வாளோ வெறும் ஆயுதமென விலக்கப்படும். உருக்கின் தரத்தைப் பொறுத்தவரை இப்பாகுபாடு நேர்மையானதே. செயலின் தரத்தைப் பற்றி இஃது எதுவும் கூறுவதில்லை. குலவாளும் கொன்றிருக்கலாம், தொழிற்சாலை வாள் உறைவிட்டே வெளிவராதிருந்திருக்கலாம்.

போர் கண்ட வாளுக்கே சிறப்பு அதிகம் என்பது பிறிதொரு சாராரின் எண்ணம். இது புதியதன்று. தொண்டைமானின் படைக்கலச் சாலையில் அலங்காரத்தோடு கிடந்த வேல்களை, கொல்லன் கொட்டிலில் முனை முறிந்து கிடந்த அதியமானின் வேல்களோடு ஔவையார் ஒப்பிட்டுரைத்ததைப் புறநானூறு கற்றோர் அறிவர். ஆயினும் அப்பாட்டின் உலகம் படையோடு படை எதிர்நின்ற உலகம். 1943 அக்டோபர் 24 ஆம் நாள் நியூகினியின் ஐற்றாப்பே கடற்கரையிலே, கண் கட்டப்பட்டு மண்டியிட்டிருந்த அவுஸ்திரேலியச் சார்ஜன்ற் லெனார்ட் சிஃப்லீற்றின் கழுத்தை நோக்கி ஓங்கப்பட்ட வாளைக் காட்டும் நிழற்படம் இன்றும் உள்ளது. அங்கே எதிர்நின்றவர் எவருமிலர். அத்தகைய வாளுக்கு ‘போர் கண்டது’ என்னும் அடைமொழியைத் தந்து விலையை உயர்த்துவது, வீரத்தின் பெயராற் கொலைக்குக் கூலி பெறுவதாகும்.

அவ்வாறாயின் இவற்றையெல்லாம் உருக்கிவிடுதலே அறமாகுமா? அதுவும் ஏற்புடையதன்று. குற்றத்தின் சான்றை அழித்தல் குற்றத்தை அழித்தலாகாது. உருக்கப்பட்ட வாள் எவரையும் கேள்வி கேட்பதில்லை.

விலையுடையது எதுவோ அதற்கு ஈடாக இன்னொன்றை வைக்கலாம், ஈடு வைக்கவியலாததே மாண்புடையது என்னும் வேறுபாட்டை ஜேர்மானிய மெய்யியலாளர் கான்ற் 1785 இல் வெளியிட்ட தமது அறவியல் நூலில் நிறுவினார். இவ்வேறுபாட்டின் துணைகொண்டு நோக்கின் சந்தையின் குறை தெளிவாகும். வாளை அடித்த கொல்லனின் பெயர் விலையைக் கூட்டுகின்றது. தாங்கிய அதிகாரியின் பெயர் கூட்டுகின்றது. கைப்பற்றிய வீரனின் பெயருங் கூடக் கூட்டுகின்றது. அவ்வாளின் நிழலில் மாண்டவனின் பெயர் மட்டும் ஏலப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. 1942–43 இல் அமைக்கப்பட்ட சீயம்–பர்மா இருப்புப்பாதையிலே மலாயாத் தோட்டங்களினின்றும் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் நோயாலும் பசியாலும் கொடுமையாலும் மடிந்தனர். அவருட் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல்லறையுமில்லை. அவர்களை ஏவிய அதிகாரிகளின் இடையிலே தொங்கியவை இத்தகைய வாள்களே. மாண்பு விலைக்குள் அடங்காது என்பது உண்மையே; ஆனால் விலைக்குள் அடங்காததை இல்லாததாகக் கருதும் வழக்கம் அறத்துக்குப் பகையாகும்.

சேகரிப்போன் உடைமையாளனா, காப்பாளனா என்னும் வினாவிலேயே இச்சிக்கலுக்கு விடை உள்ளது. வால்ற்றர் கொம்ற்றன் என்னும் அமெரிக்கச் சேகரிப்பாளரிடம், போருக்குப் பின் காணாமற்போன குனிமுனே வாளொன்று வந்து சேர்ந்தது. ககோஷிமாவிலுள்ள தெருகுனி ஆலயத்துக்குரிய தேசிய அருஞ்செல்வம் அதுவென அறிந்த அவர், 1963 இல் கைம்மாறு ஏதும் பெறாது அதனை ஆலயத்துக்கே மீளக் கொடுத்தார். 1992 இல் அவரது சேகரிப்பு நியூயோர்க்கில் ஏலமிடப்பட்டபோது வாளொன்று 418,000 டொலருக்கு விலைபோயிற்று. இவ்விரு நிகழ்ச்சிகளுள் சந்தை நினைவில் வைத்திருப்பது பின்னதை. அறம் நினைவில் வைத்திருக்க வேண்டியது முன்னதை. சந்தை நோக்கில் அவ்வாளை அவர் இழந்தார். அவ்வாள் எவருடையது என்னும் உண்மையை அவர் இழக்கவில்லை.

எல்லா வாளுக்கும் திரும்பிச் செல்ல ஓர் ஆலயம் இல்லை. கொல்லப்பட்டோரிடம் எதனையும் திருப்பிக் கொடுத்தலும் இயலாது. இயலக்கூடியது ஒன்றுண்டு: வாளின் அழகை மறைக்காது காட்டும் அதே பேழையில், அது செய்ததையும் செய்ததாக ஐயுறப்படுவதையும் மறைக்காது எழுதி வைத்தல். அதனால் விலை குறையுமாயின் குறையட்டும். அடித்தண்டின் துருவைத் துடைக்காது காக்கும் சேகரிப்பாளன், அலகின்மேற் படிந்த வரலாற்றை மட்டும் துடைத்துவிடுவதற்கு நியாயம் எதுவுமில்லை.