எழுதும் கையும் கேட்கும் செவியும்

பொய் சொல்லாத ஒருவர், தம் கடமையில் அறிந்து வழுவாத ஒருவர், பிறருக்கு அநீதி இழைத்துவிட முடியுமா? ஒழுக்கவியல் நூல்கள் இக்கேள்வியைப் பெரும்பாலும் கற்பனை உதாரணங்களைக் கொண்டே ஆராய்கின்றன. நாம் அதனை ஒரு தொழிலின் வரலாற்றைக் கொண்டு ஆராய விரும்புகிறோம். பிறர் பேசுவதைப் பேசியவாறே எழுதிவைப்பதை முழுக் கடமையாகக் கொண்ட தொழில் அது. சுருக்கெழுத்தாளரின் தொழில், குறிப்பாக நீதிமன்றத்தில் அமர்ந்து சாட்சியத்தைப் பதிவு செய்பவரின் தொழில்.

இத்தொழிலின் தொடக்கமே சிந்தனைக்குரியது. கி. மு. 63ஆம் ஆண்டில், அரசைக் கவிழ்க்கச் சதி செய்தனர் என்று பிடிக்கப்பட்டவர்களை விசாரணையின்றிக் கொல்லலாமா என்று உரோமாபுரியின் செனற் சபை விவாதித்தது. கொல்லத்தான் வேண்டும் என்று கேற்றோ பேசினார். சிறு குறிகளில் பல எழுத்துக்களை அடக்கி எழுதப் பழகியவர்களைச் சிசரோ சபையில் ஆங்காங்கே அமர்த்தியிருந்தார் என்றும், கேற்றோவின் பேச்சுக்களுள் இவ்வாறு எழுதப்பட்ட அதுவொன்றே எஞ்சியது என்றும் புளூட்டார்க் கூறுகிறார். அக்குறிகளை வகுத்தவர் என்று மரபு சுட்டும் டைரோ, சிசரோவின் அடிமை. அவர் விடுதலை பெற்றது கி. மு. 53இலே தான். பேசும் உரிமை பிரபுக்களுக்கு. பேச்சைக் காக்கும் உழைப்பு அடிமைக்கு. பிறர் சொல்லுக்கு நீண்ட ஆயுளை அளித்த கைக்குச் சொந்தமாக ஒரு சொல் சொல்ல அச்சபையில் இடமிருக்கவில்லை.

ஆயின் இக்கலை என்றும் மேலோருக்கே ஊழியம் செய்தது என்று நாம் முடிவு கட்டிவிடலாகாது. இங்கிலாந்தில் 1588இல் திமொதி பிரைட் சுருக்கெழுத்து நூலொன்றை வெளியிட்டார். அடுத்த நூற்றாண்டில் கலை பரவியது. 1647 ஒக்டோபர் இறுதியில், மன்னனைத் தோற்கடித்த படையின் தளபதிகளும் சாதாரண வீரர்களின் பிரதிநிதிகளும் இலண்டனுக்கு அருகே பட்னியில் கூடி, நாட்டின் எதிர்காலத்தை விவாதித்தனர். சொத்தில்லாதவனுக்கு வாக்குரிமை உண்டா என்பது அங்கு எழுந்த பெருங்கேள்வி. மிக ஏழையானவனும் தான் சம்மதிக்காத ஆட்சிக்குக் கட்டுப்பட்டவனல்லன் என்று றெயின்ஸ்பறோ வாதாடினார். சொத்துரிமைக்கு இது முடிவு கட்டிவிடும் என்று ஐயர்ட்டன் மறுத்தார். படைச் செயலகத்தைச் சேர்ந்த வில்லியம் கிளார்க் இவற்றைச் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டார்.

அவ்வேடுகள் பின்னர் அவருடைய மகனின் நூற்சேர்க்கையோடு ஒக்ஸ்போர்ட் வூஸ்டர் கல்லூரியை அடைந்து, கவனிப்பாரின்றிக் கிடந்து, 1891இலே தான் அச்சேறின. எளியோரின் குரல் 244 ஆண்டுகள் காத்திருந்து உலகின் காதில் விழுந்தது. எனினும் அப்பதிவில் நாம் ஒன்றைக் காண்கிறோம். தளபதிகள் பெயர் பெற்றிருக்கின்றனர். படைவீரருள் ஒருவர் 'தோற்சட்டை' என்றும், இன்னொருவர் 'பெட்போர்ட்ஷயர் மனிதர்' என்றும் மட்டுமே குறிக்கப்பட்டுள்ளனர். எழுதியவருக்கு அவர்களைத் தெரியாது. சொல்லை அவர் காத்தார். சொன்னவர் சட்டையாக எஞ்சினார்.

நீதிமன்றத்துக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டில் இலண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் தொமஸ் கேர்ணி சுருக்கெழுத்தாளராகப் பணிபுரிந்தார். அவருக்குப் பின் அவர் குடும்பமே இத்தொழிலில் புகழ் பெற்றது. அந்நீதிமன்ற வழக்குகளின் அச்சுப் பதிவு 1674 முதல் 1913 வரை வெளிவந்தது. களவெடுத்த வேலைக்காரியும் பட்டினிகிடந்த தொழிலாளியும் பேசிய பேச்சு வரலாற்றாசிரியருக்கு இவ்வளவு மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் அரியவை. ஆனால் 1790இல் நகர ஆட்சியாளர் ஒரு தடை விதித்தனர். குற்றவாளியல்லர் என்று விடுவிக்கப்பட்டவர்களின் வழக்குகளை அச்சிடலாகாது என்பதே அத்தடை. தப்பும் வழியைப் பிறர் கற்றுக்கொள்வர் என்று அஞ்சினர். சுமார் ஈராண்டுகள் இது நீடித்தது. எழுதிய கை எவ்வளவு நேர்மையாக இருந்தால் என்ன? அக்காலப் பதிவை வாசிப்பவனுக்கு, கூண்டில் ஏறிய ஏழை ஒவ்வொருவனும் குற்றவாளியாகவே தோன்றுவான்.

இது மேலிருந்து வந்த தணிக்கை. இதை இனங்காண்பது எளிது. நமது கேள்வி இதனினும் ஆழமானது. தணிக்கை எதுவுமில்லை, எழுதுபவர் நேர்மையானவர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது பதிவு உண்மையாகிவிடுமா?

1837இல் ஐசாக் பிற்மன் வெளியிட்ட முறை எழுத்துக்கூட்டலைத் தள்ளி ஒலியை அடிப்படையாகக் கொண்டது. 'பேனா' என்பதன் முதலொலிக்கும் 'பஸ்' என்பதன் முதலொலிக்கும் ஒரே வடிவக் கோடுதான். முன்னது மெல்லியது, பின்னது தடித்தது. செவியில் விழுவதைக் கை வரைகிறது. இடையில் மனத்துக்கு வேலையில்லை என்று நமக்குத் தோன்றலாம். உண்மை வேறு. விரைந்து எழுதுவோர் உயிரொலிகளைப் பெரும்பாலும் விட்டுவிடுவர். தமிழில் சொல்வதாயின், உயிரை நீக்கியபின் 'படம்', 'பாடம்', 'பீடம்' மூன்றும் ஏறத்தாழ ஒன்றே. பின்னர் விரித்தெழுதும்போது, எது பொருந்தும் என்பதை எழுதுபவரே இடமறிந்து நிரப்புகிறார். ஆகவே விளங்கிக்கொள்ளாமல் பதிவு செய்தல் என்று ஒன்றில்லை. செவி தனித்துக் கேட்பதில்லை. அதன் பின்னே எழுதுபவரின் கல்வியும் பழக்கமும் அவர் வாழும் தெருவும் நின்று கேட்கின்றன.

இதன் விளைவை ஐக்கிய அமெரிக்காவில் காண்கிறோம். பிலடெல்பியா நீதிமன்றங்களில் பணிபுரியும் 27 பதிவாளர்களுக்குக் கறுப்பின மக்களின் இயல்பான பேச்சு ஒலிப்பதிவாகக் கொடுக்கப்பட்டது. 2019இல் வெளியான அவ்வாய்வின்படி, முழுவதும் சரியாக எழுதப்பட்ட வாக்கியங்கள் 59.5 வீதமே. இப்பதிவாளர்களிடம் எதிர்பார்க்கப்படும் திருத்தமோ 95 வீதம். 'அவன் அந்தப் பக்கத்தில் வழக்கமாக இருப்பதில்லை' என்ற பொருள்படும் வாக்கியம், 'நாங்கள் இந்தப் பக்கத்தில் இருக்கப்போகிறோம்' என்ற பொருள்பட எழுதப்பட்டது. 'அவன்' 'நாங்கள்' ஆயிற்று, மறுப்பு உறுதியாயிற்று. கொலை வழக்கொன்றில் இவ்வாக்கியம் எத்தகைய வேறுபாட்டை விளைவிக்கும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. மேன்முறையீட்டு நீதிமன்றம் சாட்சியின் முகத்தைப் பார்ப்பதில்லை, ஏட்டையே பார்க்கிறது.

இப்பதிவாளர்கள் பொய்யரல்லர். கேட்டதாகத் தாம் நம்பியதையே எழுதினர். எனவே நம் முதற் கேள்விக்கு விடை, 'முடியும்' என்பதே. பொய்யின்றியும் அநீதி நிகழ்கிறது. அதன் வேர், ஒரு மக்கட் கூட்டத்தின் பேச்சு கற்றுக்கொள்ளத் தகுதியற்றது என்று சமுதாயம் முன்பே தீர்ப்பளித்துவிட்டமையில் உள்ளது. நீதிபதியின் தீர்ப்புக்கு வெகுகாலம் முன்னரே அத்தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது.

'சாட்சி திருத்தமாகப் பேசியிருக்கலாமே' என்று சிலர் கூறுவர். அப்பேச்சு வழுக்களின் குவியலன்று, தனக்கென இலக்கணமுடையது. மேலும், நீதிமன்றம் மக்களுக்காக இருக்கிறதெனின், மக்களின் மொழியை அறியும் பொறுப்பு நீதிமன்றத்தினுடையதே. உயிருக்கு ஊசலாடும் ஒருவன் தன் தாய் கற்பித்த பேச்சை வாயிலில் கழற்றிவைத்துவிட்டு உள்ளே வரவேண்டும் என்பது என்ன நியாயம்?

'மனிதச் செவி தவறும். இயந்திரம் தவறாது' என்று வேறு சிலர் கூறுவர். பேச்சை எழுத்தாக்கும் ஐந்து பெருங்கம்பனிகளின் கணினி முறைகளைச் சோதித்த ஆய்வொன்று 2020இல் வெளியானது. வெள்ளையர் பேச்சில் நூறு சொற்களுக்குச் சுமார் 19 பிழைகள். கறுப்பர் பேச்சில் 35. இயந்திரமும் தன்னைப் பழக்கியவர்களின் செவியையே பெற்றிருக்கிறது.

இது நமக்குப் புறம்பான செய்தியுமன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கை நீதிமன்றங்களில் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லப்பட்ட சாட்சியம், மொழிபெயர்ப்பாளரின் வாய்வழியாக ஆங்கிலத்தில் பதிவாகியது. தன் சொல் என்னவாக எழுதப்பட்டது என்பதை அறியாமலே நம் கமக்காரன் கூண்டிலிருந்து இறங்கினான்.

செய்யக்கூடியவை பல. பதிவாளர்க்கு மக்களின் பேச்சுவழக்குகளைக் கற்பிக்கலாம். எழுதியதைச் சாட்சிக்கு அவனுடைய மொழியிலே வாசித்துக்காட்டி, திருத்தும் உரிமையை அவனுக்கு அளிக்கலாம். ஆயின் சட்டம் வருமுன் வகுப்பறை வருகிறது. மலைநாட்டிலிருந்தோ மீன்பிடிக் கிராமத்திலிருந்தோ வந்த பிள்ளை வீட்டு வழக்கில் விடை சொல்லும்போது, அவ்விடையைக் கேட்கிறோமா, அல்லது அதன் வழுவை மட்டுமே கேட்கிறோமா? நாளைய பதிவாளரும் நாளைய நீதிபதியும் இன்று நம் முன்னே அமர்ந்திருக்கின்றனர். யாருடைய பேச்சைப் பொறுமையோடு கேட்கவேண்டும் என்பதை அவர்கள் நம் முகத்தைப் பார்த்தே கற்றுக்கொள்கின்றனர்.