மின்சார பஸ்ஸும் சுன்னாகத்துக் கிணறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பஸ்கள் டீசலை விட்டு மின்சாரத்துக்கு மாறத்தான் வேண்டும். ஆனால் மின்சாரம் என்றாலே சுத்தம் என்று நம்பும் உரிமை வேறு ஊர்களுக்கு இருக்கலாம், குடாநாட்டுக்கு இல்லை. சுன்னாகத்துக் கிணறுகளைப் பழுதாக்கியது மின் உற்பத்தி நடந்த இடத்திலிருந்து கசிந்த எண்ணெய். வாளியை இழுத்தால் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மினுங்கியது. சோறு காய்ச்சவும் பவுசர் வரும்வரை ஒழுங்கை வாசலில் கேன்களோடு காத்திருக்க வேண்டியதாயிற்று. அங்கு அனல் மின் நிலையம் நடத்திய தனியார் நிறுவனம் 20 மில்லியன் ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வற்றாத ஆறில்லாத சுண்ணாம்புக்கல் நிலம் இது. ஒரு வளவில் ஊற்றியது அடுத்த வளவுக் கிணற்றில் வந்து நிற்கும்.

அப்படியிருந்தும் ஏன் மாற வேண்டும்? டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இலேயே அறிவித்துவிட்டது. அந்தப் புகையை அதிகம் சுவாசிப்பவர் பஸ் நிலையத்தில் நாள் முழுக்க நிற்கும் சாரதி, நடத்துநர், கச்சான் விற்பவர். காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவருக்கு அதில் பங்கு குறைவு. இந்த ஒரு காரணமே போதும்.

எரிபொருளுக்குப் பிறர் கையைப் பார்த்திருக்க வேண்டிய நிலையும் உண்டு. 1990க்குப் பின் போரினால் பெற்றோலும் டீசலும் தடைப்பட்டபோது வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் பொத்திவைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேட்டரில் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் கண்ணெரியும் புகை. 2022இல் போர் இல்லை, ஆனாலும் எரிபொருள் வரிசைகள் நாள்கணக்கில் நீண்டன. மின்சாரம் இதற்கு விடை என்று சொல்வோர் பாதியைத்தான் சொல்கிறார்கள். அந்த 2022 மார்ச் கடைசியில் கரண்ட் 13 மணிநேரம் வரை நின்றது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி தீவு முழுவதுமே இருண்டது.

ஆகவே, அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதே முதற்கேள்வி. நாட்டின் மின்சாரத்தில் நீர்மின்சாரம் கணிசமானது. ஆனால் அதே மின்சாரத்தில் நுரைச்சோலையின் 900 மெகாவாற் நிலக்கரி நிலையத்துக்கும் பங்குண்டு. அதன் தூசியையும் சாம்பலையும் பற்றிக் கற்பிட்டிக் கமக்காரரும் கடற்றொழிலாளரும் வருடக்கணக்காக முறையிட்டு வருகிறார்கள். மன்னாரில் 2025இல் காற்றாலைகளுக்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். யாழ்ப்பாண வீதியைப் புகையின்றி வைத்திருப்பதற்காக இன்னோர் ஊரின் தோட்டத்தில் சாம்பல் விழுவதை ஏற்றுக்கொண்டால், சுன்னாகத்துக்கு நடந்ததைப் பற்றிப் பேசும் தகுதி எங்களுக்கு இல்லாமல் போகும்.

இதற்கு ஒரு வழி கண்முன்னேயே இருக்கிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், வெயில் நேரத்து மின்சாரத்தை வாங்க ஆளில்லாததால், கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை வீட்டுக்காரரிடம் கேட்டது. காலை நெரிசல் முடிந்தபின் பள்ளிக்கூடம் விடும் ஒன்றரை மணிவரை பல பஸ்களுக்கு வேலை குறைவு. கோண்டாவில், பருத்தித்துறை, காரைநகர் பஸ் சாலைகளில் (டிப்போக்களில்) அந்த நேரம் அவற்றைச் சார்ஜ் செய்தால் வீணாகும் வெயில் ஓட்டமாகும். நிலமோ சமதரை. யாழ் நகரிலிருந்து பருத்தித்துறைக்கோ காங்கேசன்துறைக்கோ 40 கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரமே. மலைநாட்டுக்கு இருக்கும் தடை இங்கு இல்லை.

செலவை யார் சுமப்பது என்பதில்தான் அநியாயம் நுழைய இடமிருக்கிறது. மின்சார பஸ்ஸை ஓட்டும் செலவு குறைவு, வாங்கும் விலை அதிகம். அந்த விலையை ரிக்கற்றில் ஏற்றினாலோ, ஆட்குறைவென்று தீவகத்துக்கான கடைசிப் பஸ்ஸை நிறுத்தினாலோ, மாற்றத்தின் பாரம் வேறு வாகனம் இல்லாதவர் தலையில் விழும். சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. அங்கு ஓடும் கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று மாநகர் போக்குவரத்துக் கழகம் ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கிறது. பயணியின் கட்டணம் தனிக்கணக்கு. இங்கும் பொதுப்பணம் முதலில் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) சாலைகளுக்கே போக வேண்டும். லீசிங் கட்டி முடியாத மினிபஸ் உரிமையாளருக்குத் தவணையும் சலுகைக் கடனும் தராமல் திகதி குறிப்பது சரியல்ல. வசதியானவர் முற்றத்து மின்சாரக் காருக்குக் கொடுக்கும் வரிச்சலுகையை இந்தச் செலவோடு ஒன்றாக எண்ணவும் முடியாது. காரில் போகிறவருக்கு வேறு வழியும் இருக்கிறது.

கடைசியில் பற்றரி. கொங்கோவின் கோபால்ட் சுரங்கங்களில் பிள்ளைகள் வேலை செய்வது உலகறிந்தது. பஸ்களுக்குப் பெருமளவில் பயன்படும் லித்தியம் இரும்புப் பொசுபேற்று வகையில் கோபால்ட் இல்லை என்பதால் அதையே கேட்டு வாங்கலாம். பழுதான பற்றரி என்ன ஆகும் என்பது குடாநாட்டுக்குக் கூடுதல் கவலை, ஏனென்றால் இந்த நிலம் எதையும் மேலேயே தடுத்து வைக்காது. ஆயுள் முடிந்த பற்றரிகளை விற்றவரே திரும்ப எடுத்துப்போக வேண்டும் என்பது கொள்வனவு ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். அதற்கான செலவை முதல் பஸ் வருமுன்பே அவர் பிணையாகக் கட்டவும் வேண்டும்.